நேர்த்தையல் மட்டும் வந்தால் என்னென்ன தைத்துக் கொடுக்கலாம்?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவின் கறுப்புக் கால் மிஷின் வீட்டில் சும்மா கிடக்கிறது, பிளவுஸ் சுடிதாரெல்லாம் தைக்க ஆசையில்லை, விசேஷத்துக்குக் கொடுக்கிற மாதிரி சின்னச் சின்னப் பொருள்களும் வீட்டுக்கு வேண்டியதும் தைத்தால் போதும், எதில் ஆரம்பிப்பது? வகுப்புக்குப் போகாமல் முடியுமா? காசு மிச்சமாகுமா? இதற்கெல்லாம் நடுவில், "ஒரு பை தைத்துப் பார்த்தேன், யாருக்கும் கொடுக்க வெட்கமாக இருந்தது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் கேட்க வந்ததே அதுதான் என்று படுகிறது. தையல் ஓரளவு நேராகத்தான் போயிருக்கும், ஆனாலும் பொருளைப் பார்த்தால் கொடுக்கத் தோன்றாது. ஏன் அப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற மூன்றுக்கும் பதில் அதிலேயே பாதி வந்துவிடும்.

நான் யார் என்று ஒரு வரி. கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிற இடங்களில் பல வருஷம் செக்கிங்கிலும் பிறகு சாம்பிள் தையலிலும் வேலை பார்த்தேன். திருப்பூர் என்றால் பனியன், கரூர் என்றால் தலையணை உறை, மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன், அடுப்புக் கையுறை. ஆகவே சதுரமும் நீள்சதுரமும் எனக்கு நன்றாகத் தெரியும். உடுப்பு தெரியாது. கைக்குழி, டாட் என்று யாராவது கேட்டால் பக்கத்துத் தெரு டெய்லரைக் கைகாட்டிவிடுவேன்.

செக்கிங் மேஜையில் ஒரு பொருளைத் திருப்பி அனுப்புவதற்கு என்ன காரணம் அதிகம் வரும் தெரியுமா? தையல் கோணியதால் வருவது குறைவு. மூலை சரியாக நிற்காது, ஒரு பக்கம் கால் இஞ்ச் கூடியிருக்கும், துவைத்தால் முறுக்கிக்கொள்ளும், நூல் நுனி தொங்கும். இந்தக் குறைகளில் நூல் நுனியைத் தவிர மற்றதெல்லாம் ஊசி துணியைத் தொடாத நேரத்தில் நடந்தவை. துணியை நனைக்காமல் வெட்டியது, நூல் பிடிக்காமல் வெட்டியது, அயர்ன் செய்யாமல் அடுத்த தையலுக்குப் போனது. வீட்டில் தைக்கிறவர்கள் மிஷினில் உட்காரும் ஆசையில் இந்த மூன்றையும் தாண்டிவிடுகிறார்கள். ஒரு தலையணை உறைக்கு மிஷின் வேலை கால்மணி நேரம்கூட ஆகாது, மிஷினுக்கு வெளியே உள்ள வேலை அதைவிட இரண்டு மூன்று பங்கு. இதை ஏற்றுக்கொண்டுவிட்டால் உங்கள் அடுத்த பையே வேறு மாதிரி இருக்கும்.

நனைப்பதிலிருந்து வருகிறேன். தறியில் இழுத்துப் பிடித்து நெய்து, கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வருகிற பருத்தித்துணி, தண்ணீர் பட்டதும் அந்த இழுப்பை விட்டுத் தளரும். சாதாரணமாக நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை சுருங்கும், வெளுக்காத காடா துணி இன்னும் கூடுதலாகச் சுருங்கலாம். பைக்கு வெளியே ஒரு துணி, உள்ளே லைனிங்குக்கு வேறு துணி என்று போட்டு இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கினால், முதல் துவைப்பில் பை அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் வாங்கின அன்றே ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு அயர்ன் போட்டு எடுத்து வையுங்கள். காடா துணியில் கஞ்சி நிறைய இருக்கும், அதைச் சுடுதண்ணீரில் ஊறவைப்பது நல்லது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. சந்தேகத்துக்கு இடமுள்ள ஒன்று, கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்வது. சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்கு அது வேண்டும். ஆனால் சாயம் போட்டு முடித்து விற்பனைக்கு வந்த துணியில் அது சாயத்தைக் கட்டிப்போட்டு நான் பார்த்ததில்லை. சிவப்பு, மெரூன், கருநீலம் வாங்கினால் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வெள்ளையோடு சேர்த்துத் தைக்காதீர்கள், அவ்வளவுதான்.

நூல் பிடித்து வெட்டுவது என்றால், துணியின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்து, அங்கே தெரியும் ஒற்றை நூலை மெல்ல இழுக்க வேண்டும். துணியில் குறுக்காக ஒரு கோடு விழும், அந்தக் கோட்டின்மேல் வெட்டுங்கள். ஸ்கேல் வைத்துச் சாக்பீசால் கோடு போட்டால் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் கடையில் கிழித்துக் கொடுக்காமல் கத்தரியால் வெட்டிக்கொடுத்த துணியின் ஓரமே பெரும்பாலும் கோணல், அதை நம்பி அளந்தால் எல்லாமே கோணல். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஆரம்பத்தில் நெய்த கட்டம் போட்ட துணியாக எடுங்கள், சென்னிமலைப் பெட்ஷீட் மாதிரியோ லுங்கி மாதிரியோ. அந்தக் கட்டக்கோடே நூல், அதன்மேலேயே வெட்டலாம், அதன்மேலேயே தைக்கலாம். அச்சடித்த கட்டம் அப்படியில்லை, அது நூலோடு ஒத்துப்போகாமல் சாய்ந்திருந்தால் யாராலும் சரிசெய்ய முடியாது, கடையிலேயே பார்த்து விட்டுவிடுங்கள்.

அயர்ன் பற்றிச் சொல்ல ஒன்றுதான். கடைசியில் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தடவை. மடிப்பை முதலில் அயர்ன் செய்து நிறுத்திவிட்டுத் தைத்தால் குண்டூசி பாதி தேவைப்படாது.

இப்போது மிஷின். பார்க்காமல் ஓரளவுக்குமேல் சொல்ல முடியாது, மேல்நூலையும் அடிநூலையும் பிணைக்கிற ஷட்டில் தேய்ந்திருக்கிறதா என்பது மெக்கானிக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் கிடப்பில் போட்ட கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது எண்ணெயும் புது ஊசியும் புது பெல்ட்டும்தான். மிஷின் எண்ணெய் மட்டும் போடுங்கள். தேங்காய் எண்ணெய் போட்ட மிஷின் கொஞ்ச நாளில் பிசின் பிடித்தது போல இறுகிவிடும், அப்புறம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித்தான் மீட்க வேண்டும். ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் நீளமான பள்ளமாகவும் இருக்கும். நூல் கோக்கிற பக்கத்தில் பள்ளம் வர வேண்டும், தட்டைப் பக்கம் அதற்கு எதிரே. இதை மாற்றிப் போட்டுவிட்டு மிஷின் கெட்டுப்போச்சு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் ஏராளம். சாதாரணப் பருத்திக்கு 14-ம் நம்பர் ஊசி, கனமான பைத்துணிக்கு 16, பழைய ஜீன்ஸ் என்றால் 18, மெல்லிய மல் துணிக்கு 11. துணிக்கு அடியில் நூல் சுருள் சுருளாக வந்தால் கை தானாக அடிநூல் சுற்றியிருக்கிற பாபின் பக்கம் போகும், ஆனால் கோளாறு அநேகமாக மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு மேல்நூலை முதலிலிருந்து திரும்பக் கோத்துப் பாருங்கள். அம்மா காலத்து நூல்கண்டு இருந்தால் கையால் இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் அதைக் கைத்தையலுக்குக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.

கால் பழகுவதற்கு நூல் இல்லாமல் கோடு போட்ட நோட்டுத்தாளில் ஓட்டிப் பாருங்கள். சக்கரம் பின்னால் சுற்றினால் நூல் சிக்கி அறும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வருகிற முக்கால்வாசி எரிச்சல் இதுதான். சில நாளில் கால் தானாகப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் மாட்டலாமா என்று கேட்டால், அது ஆளைப் பொறுத்தது, முழங்கால் வலி இருந்தால் மாட்டுங்கள். எனக்குக் காலால் மெதுவாக ஓட்டுவதில் மூலை திருப்புவது சுலபம்.

சரி, எதை முதலில் தைப்பது. கைத்துண்டும் மேஜை நாப்கினும் நான்கு ஓரம் மடித்தால் முடிந்தது, பழகுவதற்கு அதைச் செய்துவிட்டு நேராகத் தலையணை உறைக்கு வாருங்கள். கடைகளில் கிடைக்கிற 17-க்கு 27 இஞ்ச் தலையணைக்கு, தைத்து முடித்த உறை 18-க்கு 28 இருந்தால் தாராளம். ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம், உள்ளே ஆறு இஞ்ச் மடங்குகிற மூடி வைத்து ஒரே துணியில் தைக்கலாம். நீளம் 28-ம் 28-ம் மூடிக்கு 6-ம் இரண்டு முனை மடிப்புக்கு 2-ம் சேர்த்து 64 இஞ்ச், அகலம் 18-உடன் இரண்டு பக்கமும் தையலுக்கு அரை இஞ்ச் விட்டு 19. துணிக்கடையில் 44 இஞ்ச் அகலத் துணி கிடைக்கும், அதில் பக்கம் பக்கமாக இரண்டு வந்துவிடும். சுருக்கத்துக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் மீட்டர் வாங்கினால் ஒரு ஜோடி. புதுமனை புகுவிழாவுக்கும் கல்யாணமான புதுத் தம்பதிக்கும் கொடுக்க இதைவிடப் பயன்படுகிற பொருள் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் எந்த வீட்டிலும் தலையணை உறை போதுமான அளவு இருப்பதில்லை.

உங்களை வெட்கப்படவைத்த பைக்கு வருவோம். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' ஆரம்பித்தார்கள், அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு துணிப்பை குவிந்துகிடக்கிறது. ஆகவே நீங்கள் கொடுக்கிற பை அந்தக் குவியலைவிட நன்றாக இருந்தால்தான் கையில் எடுப்பார்கள். 17 இஞ்ச் அகலம் 36 இஞ்ச் நீளத்துக்கு ஒரே துண்டாக வெட்டி அடியில் மடியுங்கள், அடித்தையலே இல்லாததால் பிரியவும் பிரியாது. பக்கங்களை பிரெஞ்ச் தையலாகப் போடுங்கள். அதாவது துணியின் நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்து முதலில் கால் இஞ்சில் ஒரு தையல், பிசிறை வெட்டிவிட்டு உள்பக்கமாகத் திருப்பி அயர்ன் செய்து, கொஞ்சம் தள்ளி இன்னொரு தையல். பிசிறெல்லாம் உள்ளே அடைபட்டுவிடும். பிசிறைச் சுற்றித் தைக்கிற ஓவர்லாக் மிஷின் இல்லாத வீட்டுத் தையல்காரருக்கு இதுதான் கைகொடுக்கும், பையைத் திருப்பிப் பார்த்தால்கூட சுத்தமாக இருக்கும். அடியில் இரண்டு மூலைகளையும் முக்கோணமாக மடித்து நுனியிலிருந்து ஒன்றரை இஞ்சில் குறுக்கே தைத்தால் மூன்று இஞ்ச் அகலத்துக்கு அடிப்பாகம் உட்காரும், தேங்காயும் டப்பாவும் சாயாது. மேல் ஓரத்தை அரை இஞ்ச் மடித்து மறுபடி ஒன்றரை இஞ்ச் மடியுங்கள். கைப்பிடிக்கு நான்கு இஞ்ச் பட்டியை நான்காக மடித்து ஒரு இஞ்ச் ஆக்கி இரண்டு ஓரமும் தைக்க வேண்டும், நீளம் 24 இஞ்ச் இருந்தால் கையில் பிடிக்க வசதி. அதை வைக்கிற இடம் அந்த ஒன்றரை இஞ்ச் மடிப்புக்குள்ளேயே இருக்கட்டும், சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போடுங்கள். ஒற்றைத் துணியில் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தால் ஐந்து கிலோ அரிசிக்கே கிழிந்து வரும். கொடுப்பதற்கு முன் நீங்களே அரிசி போட்டுத் தூக்கிப் பாருங்கள்.

பழைய புடவையில் தைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக, ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெட்டுங்கள். உட்கார்ந்து எழுகிற இடம் இழை தேய்ந்து வலை மாதிரி தெரியும், முந்தானையும் உள்ளே செருகுகிற முனையும் கரையும் கெட்டியாக இருக்கும். கெட்டியான இடத்தை எடுத்து உள்ளே காடா துணி லைனிங் கொடுங்கள். பாட்டியின் புடவையில் பேத்திக்கு ஒரு சுருக்குப்பை என்றால் அதற்குத் தனி மதிப்பு, அதில் தையல் கொஞ்சம் கோணினாலும் யாரும் பார்க்கப்போவதில்லை.

அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்குகிற பிடிதுணி விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன், ஏனென்றால் இது கை சுடுகிற விஷயம். பாலியஸ்டர் கலந்த துணி கூடவே கூடாது, மேலேயும் கூடாது உள்ளேயும் கூடாது. பருத்தி சூட்டில் கருகும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். துணி எது என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல் இரண்டு இழையைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாடை வந்து விரலில் நசுங்குகிற சாம்பல் விழுந்தால் பருத்தி. சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணி மாதிரி நின்றால் பாலியஸ்டர். வாடை காகிதமாகவும் முனை கெட்டியாகவும் இருந்தால் கலப்பு, அதையும் ஒதுக்குங்கள். எட்டு இஞ்ச் சதுரம், இரண்டு பக்கமும் பருத்தி, நடுவில் பழைய பருத்தி டர்க்கி டவல் இரண்டு மூன்று அடுக்கு. இலவம்பஞ்சு வைக்கலாமே என்று தோன்றும். போடி பக்கமிருந்து வருகிற அந்தப் பஞ்சு தலையணைக்கு அருமை, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், துவைத்தால் கட்டிகட்டியாகும். அடுப்பங்கரைக்கு ஆகாது. அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது மிஷினில் துணிக்குக் கீழே இருக்கிற பல் அடித்துணியை இழுக்கும், மேல்துணி ஃபுட்டில் உரசிப் பின்தங்கும், கடைசியில் ஓரம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். நடுவிலிருந்து வெளியே தையுங்கள், தையலை இஞ்சுக்கு ஏழெட்டாக நீட்டிவையுங்கள், ஓரத்தைப் பிறகு ஒழுங்காக வெட்டிவிட்டுப் பட்டி கொடுங்கள். மூலையை வளைத்து வெட்டினால் பட்டி கிராஸ் பீசாக, அதாவது நூலுக்குச் சாய்வாக வெட்டியதாக இருக்க வேண்டும், நேர்ப்பட்டி வளைவில் சுருக்கு விழும். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள், ஈரமாக இருக்கும்போது பிடிக்கக் கூடாது என்று. ஈரத்துணி சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்திவிடும்.

தைக்க வேண்டாம் என்று நான் நினைப்பவையும் உண்டு. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, டிஷ்யூ டப்பாவுக்கு உறை. தைக்கச் சுலபம், படத்தில் அழகு, பிசுக்கு ஏறின கையோடு தொட்டுத்தொட்டு மாதக்கணக்கில் யாரும் துவைக்க மாட்டார்கள். இது என் விருப்பு வெறுப்பு, நீங்கள் மாறுபடலாம். பிறந்த குழந்தைக்குக் கொடுப்பதில் மட்டும் விருப்பு வெறுப்பு கிடையாது. ஒரு வயது வரை படுக்கையில் தலையணையோ தளர்ந்த துணியோ வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், ஆகவே குட்டித் தலையணை, கடுகுத் தலையணை தைத்துக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக நன்றாகத் துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தி வேட்டியில் துடைக்கிற துண்டுகள் ஒரு கட்டு தைத்துக் கொடுங்கள், குழந்தை பெற்றவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். மணி, பட்டன், நீளமான நாடா எதுவும் வேண்டாம். தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தேடுங்கள். ஏற்றுமதி யூனிட்டில் உடைந்த ஊசியின் துண்டுகளைச் சேர்த்து ரெஜிஸ்டரில் ஒட்டிக்காட்டினால்தான் புது ஊசி தருவார்கள், ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தப் பொருள் வெளியே போகாது.

நவராத்திரிக்குத் தாம்பூலப் பை நிறையத் தைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஒவ்வொன்றாக முடிக்காதீர்கள். எல்லாவற்றையும் முதலில் வெட்டுங்கள், எல்லாவற்றுக்கும் பக்கத்தையல், அப்புறம் எல்லாவற்றையும் அயர்ன், அப்புறம் எல்லாவற்றுக்கும் வாய்மடிப்பு. ஒரு துண்டு முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்ததை ஃபுட்டுக்குள் விட்டுக்கொண்டே போங்கள், தோரணமாக வரும், கடைசியில் வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம். நேரமும் நூலும் மிச்சம். ஒரே ஒரு மாதிரியை மட்டும் முதலில் கடைசிவரை தைத்துப் பாருங்கள், தேங்காய் உள்ளே போகிறதா என்று.

காசு மிச்சமாகுமா என்றால், துணி புதிதாக வாங்கித் தைத்தால் அநேகமாக ஆகாது. கரூரிலும் ஈரோட்டிலும் லாட்டாகத் துணி எடுத்துத் தைக்கிறவர்களின் விலைக்கு நீங்கள் மீட்டர் கணக்கில் வாங்கித் தைத்துக் கட்டுப்படியாகாது, உங்கள் நேரத்துக்குக் கூலி போடாவிட்டாலும்கூட. பழைய புடவை, வேட்டி, எடைக்குக் கிடைக்கிற கட்பீஸ் என்று போனால் மட்டும் மிச்சம் தெரியும். கட்பீஸ் எடுக்கும்போது அந்த இழை கொளுத்துகிற சோதனையை மறக்காதீர்கள், பளபளப்பாக இருப்பதில் பாதி பாலியஸ்டர்.

வகுப்பைப் பொறுத்தவரை, இதுவரை சொன்ன எதற்கும் தேவையில்லை. ஜிப் வைப்பதும் பட்டனுக்குக் காஜாத் துளை எடுப்பதும் மட்டும் எழுத்தில் படித்து வராது, பக்கத்தில் உள்ள டெய்லரிடம் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்தால் போதும், நல்ல டெய்லர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. மிஷினை எண்ணெய் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, தையல் எங்கே விட்டுப்போகிறது, மேலேயா அடியிலேயா என்று எழுதுங்கள். தைத்த ஒரு துண்டுத்துணியின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போட்டால் இன்னும் சுலபமாகச் சொல்லிவிடலாம்.